நேற்று வரை டெய்லர், இன்று சூப்பர்வைசர்: லைனை எப்படி நடத்துவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சேர்த்துத் தைக்கிற மெஷின்) டெய்லராக இருந்தேன். நாலு மாதத்துக்கு முன்பு அதே லைனுக்கு (வரிசையாக மெஷின் போட்டு பீஸ் கை மாறித் தைக்கிற பிரிவு) என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கைமடி (டெய்லருக்கு பீஸ் எடுத்துக் கொடுக்கிற உதவி ஆள்), செக்கிங் எல்லாம் சேர்த்து 32 பேர். பாதிப்பேர் பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஆட்கள். மீதிப்பேர் ஒடிசா, பீகாரில் இருந்து வந்தவர்கள். முன்பு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களே இப்போது நான் வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஐம்பது வயது தாண்டிய பேட்லாக் (மடிப்புத் தையல் மெஷின்) ஓட்டுகிற அண்ணன் ஒருவர், நான் மெஷின் மாற்றி உட்காரச் சொன்னால் எல்லார் முன்னாலும் ‘முடியாது’ என்கிறார். டார்கெட் குறைந்தால் மேனேஜர் என்னைச் சத்தம் போடுகிறார், நான் லைனில் சத்தம் போடுகிறேன். வேலை தேங்கினால் நானே மெஷினில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிடுகிறேன். போன மாதம் 400 பீஸ் கழுத்துத் தையல் தப்பாகி, கடைசி செக்கிங்கில்தான் தெரிந்தது. பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு முப்பது ரூபாய் அதிகம் என்று மூன்று பேர் போய்விட்டார்கள். வீட்டுக்குப் போனால் குழந்தைகள் மேல் எரிந்து விழுகிறேன். நான் கண்டிப்பாக மாற வேண்டுமா, இல்லை பழைய மாதிரியே பழக வேண்டுமா? பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பனியன் கம்பெனிகளிலும் நூற்பாலைகளிலும் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில். புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்பது நீங்கள் கேட்ட கேள்விதான்: கண்டிப்பா, பழக்கமா? இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும்வரை ஒரு வாரம் கத்துவீர்கள், அடுத்த வாரம் மனசு கேட்காமல் இளகுவீர்கள். லைனில் இருப்பவர்களைக் களைப்படையச் செய்வது அந்த ஊசலாட்டம். கண்டிப்பான சூப்பர்வைசரிடமும் அவர்களால் வேலை செய்ய முடியும், இளகிய மனசுக்காரரிடமும் முடியும். இன்றைக்கு எப்படி இருப்பாரோ என்று காலையில் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒருவரிடம்தான் முடியாது. ஆகவே குணத்தை மாற்றுகிற யோசனையை விடுங்கள். சில பழக்கங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள், நாள் தவறாமல்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ‘நானே மெஷினில் உட்கார்ந்து அடித்துக் கொடுத்துவிடுகிறேன்’ என்ற வரி. முதலில் அதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் மற்றச் சிக்கல்களில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

நல்ல டெய்லராக இருந்ததால்தான் உங்களுக்கு இந்தப் பொறுப்பு வந்தது. வேலை தேங்கினால் கை தானாக மெஷினுக்குப் போவது இயல்பு. அங்கே நீங்கள் ராணி. நின்று மேய்க்கிற வேலையில் இன்னும் பழக்கம் வரவில்லை. ஆனால் உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரம் உங்கள் கண்ணில் ஒரு மெஷின்தான் இருக்கிறது, மற்ற ஆட்களைப் பார்க்க யாரும் இல்லை. அப்புறம் கணக்கையும் பாருங்கள். ஷோல்டர், கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வைக்கிற பட்டைத் துணி), கை வைப்பது, சைடு அடிப்பது, பாட்டம் மடிப்பது என்று பீஸ் கை மாறிக்கொண்டே போகிறது. கழுத்து ரிப் வைக்கிற இடத்தில் மணிக்கு 90 பீஸ்தான் நகர்கிறது, மற்ற இடங்களில் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரத்தில் லைனை விட்டு வெளியே வருவது 720 தான். நீங்கள் போய் சைடு அடிக்கிற மெஷினில் உட்கார்ந்து மணிக்கு 150 அடித்தாலும் அதே 720. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் குடத்தில் மொண்டு வயலுக்கு ஊற்றுவதில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு அடைப்பு எங்கே என்று கரையோடு நடந்து பார்க்கிறோம். லைனிலும் நீங்கள் செய்ய வேண்டியது அந்த நடைதான்.

எந்த மெஷினுக்கு முன்னால் பீஸ் குவிந்திருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள். ஏன் குவிந்தது என்று பாருங்கள். ஆள் புதுசா? நூல் அறுந்துகொண்டே இருக்கிறதா? கைமடி ஆள் பீஸைப் பிரித்துக் கொடுக்காமல் டெய்லரே எழுந்து எடுத்துக்கொள்கிறாரா? கட்டிங்கில் இருந்து சைஸ் கலந்து வந்து, அவர் பொறுக்கிக்கொண்டிருக்கிறாரா? காரணம் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பத்து நிமிட வேலை: ஒரு கைமடியை இடம் மாற்றுவது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது, சும்மா இருக்கிற ஓவர்லாக்காரரைக் கொஞ்ச நேரம் அங்கே உட்கார வைப்பது. மணிக்கு ஒரு முறை லைன் முழுக்க ஒரு சுற்று வாருங்கள், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பீஸ் ஆனது என்று எழுதுங்கள். அந்தச் சுற்றை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மேனேஜர் கூப்பிட்டால்கூட, ‘ரெண்டு நிமிஷங்க சார், ரவுண்டு முடிச்சுட்டு வந்தர்றேன்’ என்று சொல்லலாம், தப்பில்லை.

கோவையின் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். அந்தப் பஸ்ஸை அவரே ஓட்டினார். பிறகு யு.எம்.எஸ். என்று பெரிய போக்குவரத்து நிறுவனமாக அது வளர்ந்தது. அத்தனை பஸ்ஸின் ஸ்டியரிங்கையும் அவரே பிடித்திருக்க முடியுமா? ஒரு கட்டத்தில் ஓட்டுவதை விட்டுவிட்டு ஓட்ட வைக்கிற வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும். நீங்கள் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். தொழில் மறந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். புதிதாக வந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருங்கள், புது ஸ்டைல் வரும்போது முதல் சில பீஸை அடித்துப் பார்க்க உட்காருங்கள். டார்கெட் குறைகிறதே என்கிற பதற்றத்தில் உட்காராதீர்கள்.

சரி, காலை நேரத்துக்கு வருவோம். எட்டரைக்கு லைன் ஓட வேண்டும் என்றால் நீங்கள் எட்டேகாலுக்கு உள்ளே இருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான்: இன்று ஓடும் கலருக்கு நூல் போதுமா, ரிப்பும் லேபிளும் வந்துவிட்டதா, ஒப்புதல் வாங்கிய சாம்பிள் பீஸ் லைனில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குகிறதா, யார் லீவு. ஒன்பதரைக்கு ‘லேபிள் இல்லீங்க்கா’ என்று ஒருவர் எழுந்தால் அவரோடு சேர்ந்து பின்னால் இருக்கிற அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்துக்கான திட்டு மாலையில் உங்களுக்கு வரும், உங்களிடமிருந்து அவர்களுக்குப் போகும்.

பிறகு லைன் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் எல்லாரையும் நிறுத்திப் பேசுங்கள். நேற்று எத்தனை எடுத்தோம், இன்று எத்தனை வேண்டும், எந்த இடத்தில் கவனம் வேண்டும், அவ்வளவுதான். உபதேசம் வேண்டாம். ஒன்று மட்டும் கட்டாயம் சொல்லுங்கள்: இன்று ஒன்றரை ஷிப்ட், அதாவது வழக்கமான ஷிப்டுக்கு மேல் அரை ஷிப்ட் வேலை, இருக்கிறதா, இல்லையா. பொழுதோட ஐந்து மணிக்கு வந்து ‘இன்னிக்கு எல்லாரும் இருக்கோணும்’ என்று சொல்வது திருப்பூரில் பல கம்பெனிகளில் சாதாரணம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குச் சாவி யார் கொடுப்பது, கம்பெனி வேன் போய்விட்டால் காங்கயம் ரோட்டில் பஸ் எத்தனை மணி வரை வரும் என்று அந்த நிமிடம் அவர்கள் மனசு தவிப்பதை நீங்கள் டெய்லராக இருந்து அனுபவித்திருப்பீர்கள். ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசரிடமோ மேனேஜரிடமோ காலையிலேயே கேட்டுவிடுங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால், ‘இருக்கலாம், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்லிடறேன்’ என்று சொல்லுங்கள். சொன்னபடி சாப்பாட்டுக்கு முன் சொல்லுங்கள், இல்லை என்றாலும் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே ஒரு மாதத்தில் லைன் உங்களைப் பார்க்கிற பார்வை மாறும்.

இது நானாகக் கண்டுபிடித்தது கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் நடந்தது. அனுபவம் உள்ளவர்கள் ராணுவத்துக்குப் போய்விட, தொழிலே தெரியாத புது ஆட்களைக் கொண்டு உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நெருக்கடி. போர் முடிந்த பிறகு ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது, டொயோட்டாவின் உற்பத்தி முறையில் அதன் தடம் இன்றும் இருக்கிறது. ஆட்களோடு நல்ல உறவுக்கு அந்தத் திட்டம் சொன்னது நாலே விஷயம். ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்பதை அவருக்கே சொல்லிக்கொண்டிருப்பது, பாராட்ட வேண்டியபோது உடனே பாராட்டுவது, அவரைப் பாதிக்கிற மாற்றம் எதுவானாலும் முன்கூட்டியே சொல்வது, அவருடைய திறமையை நன்றாகப் பயன்படுத்துவது. எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் போகிற கம்பெனிகளில் ஆட்கள் சொல்கிற குறை இந்த நாலுக்குள்தான் வருகிறது. மூன்றாவதுதான் மிக அதிகம்.

இனி அந்த 400 பீஸ். அதை நினைத்து நீங்கள் நொந்துபோயிருக்கிறீர்கள், ஆனால் சரியான கேள்வியைக் கடிதத்தில் கேட்கவில்லை. கழுத்துத் தையல் தப்பாகப் போகிறது என்று முதலில் கவனித்தவர் யார்? யாரோ ஒருவர் நிச்சயம் கவனித்திருப்பார். அதை அடித்த டெய்லரோ, அடுத்த மெஷின்காரரோ, பீஸ் அடுக்கிக் கொடுத்த கைமடிப் பெண்ணோ. ஏன் சொல்லவில்லை?

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு எடுத்தால் தலைகீழாக வந்தது: நல்ல தலைமை உள்ள வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. தொடர்ந்து பார்த்தபோது விளங்கியது, அங்கே நர்சுகள் நேர்ந்த தவறை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் பயந்து மூடி மறைத்தார்கள். பனியன் லைனிலும் இதே கதைதான். பத்து மணிக்கு ஒருவர் கையைத் தூக்கினால் போவது பத்து இருபது பீஸ். திட்டு விழும் என்று அவர் வாயை மூடிக்கொண்டால் 400 பீஸ் செக்கிங் டேபிளுக்கு வரும். நீங்கள் லைனில் போடுகிற சத்தத்துக்குக் கம்பெனி கொடுக்கிற விலை அந்த 400. இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. சத்தம் போட்டால்தான் தரம் நிற்கும் என்று நம் தொழிலில் மேலிருந்து கீழ்வரை ஒரு நம்பிக்கை இருக்கிறது. தரத்தைக் கெடுப்பதே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் யாராவது ஒரு தப்போடு உங்களிடம் வந்தால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை என்ன என்பதை இன்றே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது, கோபம் முந்திக்கொள்ளும். நான் சொல்லிக்கொடுப்பது இது: ‘நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. எந்த பீஸ்ல இருந்து?’ பிறகு மெஷினை நிறுத்துங்கள், அந்த பண்டிலைத் தனியே எடுத்து வையுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஊசி ஒடிந்தால் உடைந்த துண்டு முழுவதையும் பொறுக்கி ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி என்ற விதி உங்கள் கம்பெனியிலும் இருக்கும். அங்கே மட்டும் யாரும் மறைப்பதில்லை, கவனித்தீர்களா? சொல்வதும் முறை, சொன்னால் ஊசி கிடைப்பதும் முறை என்று ஆகிவிட்டதால்தான். டொயோட்டா தொழிற்சாலைகளில் கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம், இப்போது சில இடங்களில் பொத்தானை அழுத்தலாம். டீம் லீடர் ஓடி வருவார், உடனே சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். கயிறு இல்லாவிட்டால் என்ன, உங்கள் லைனில் ஒரு சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதன்முதலில் தூக்குகிறவரை மறுநாள் காலை எல்லார் முன்னாலும் பேர் சொல்லிப் பாராட்டுங்கள்.

கண்டிக்கவே கூடாதா என்றால், கண்டிக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த பிறகும் அதே தப்பு, சொல்லாமல் லீவு, பக்கத்து ஆளைக் கேலி பேசி அழ வைப்பது, இவற்றை விட்டால் நன்றாக வேலை செய்கிறவர்களுக்குச் செய்கிற துரோகம். ஆனால் தனியாகக் கூப்பிட்டு, நடந்த விஷயத்தை மட்டும், அன்றைக்கே சொல்லி முடித்துவிடுங்கள். ‘நீ எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பேசுவார், தையலைப் பற்றிப் பேச மாட்டார். மறுநாள் அவரிடம் வழக்கம்போலப் பேசுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது தண்டனையைவிடக் கொடுமை. அப்புறம், பாத்ரூம் போகிற நேரத்தை எண்ணாதீர்கள். ‘போன வாரமும் இதே நேரம் போனியே’ என்று பெண்களை எல்லார் முன்னாலும் கேட்கிற சூப்பர்வைசர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் இருந்து நோயை இழுத்துக்கொள்கிற பெண்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் லைனில் அது வேண்டாம்.

பேட்லாக் அண்ணன் விஷயம் இத்தனை நாள் உங்களைத் தூங்க விடாமல் செய்திருக்கும். அவர் நிலையில் இருந்து பாருங்கள். நீங்கள் கம்பெனிக்கு வந்தபோது அவர் கைதேர்ந்த டெய்லர். இன்று அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறார், நேற்று வந்த பெண் நின்று சொல்கிறாள். ‘பொம்பளை சொல்லி நான் மெஷின் மாத்தறதா’ என்பதும் அதில் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இந்த வயது டெய்லர்கள் மெஷின் மாற மறுப்பதற்கு வாய்விட்டுச் சொல்லாத உடம்புக் காரணம் இருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கறுப்பு, நேவி துணியில் தையல் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி போட வேண்டிய வயது, சொல்லக் கூச்சம். முழங்கால் வலியில் பெடல் மிதிக்கச் சிரமம். புது மெஷினில் பழைய வேகம் வராது, பீஸ் குறைந்தால் கூலி குறையும் என்ற பயம். ஆகவே முதலில் கேளுங்கள். லைனிலோ டீக்கடையில் நாலு பேர் நடுவிலோ வேண்டாம். வேலை முடிந்து கூட்டம் கலைந்ததும் ஐந்து நிமிடம். இப்படிப் பேசிப் பாருங்கள்:

‘ஏனுங்ணா, உங்க கையில தொழில் கத்துக்கிட்டவங்க இந்த லைன்லயே எத்தனையோ பேரு இருக்காங்க. நான் மெசின் மாத்தி உக்காரச் சொன்னா எல்லாரு முன்னாடியும் முடியாதுன்னு போடறீங்க. அப்பறம் மத்தவங்ககிட்ட நான் எப்படிங்ணா வேலை வாங்கறது? அந்த மெசின்ல உங்களுக்கு என்ன சிரமம், அதை மொதல்ல சொல்லுங்க.’

பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவர் காரணம் சொன்னால், முடிந்ததைச் செய்யுங்கள்: வெளிச்சம் நன்றாக விழுகிற இடம், கறுப்புத் துணி ஓடும் நாளில் வேறு மெஷின். புது ஆட்களுக்கு பேட்லாக் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை அவரிடம் கேட்டுக் கொடுங்கள். சும்மா மனசு குளிரட்டும் என்பதற்காகக் கொடுக்கிற பொறுப்பாக அது இருக்கக் கூடாது. அவர் சரி என்று சொல்லும்வரை அந்தப் புது ஆள் தனியாக ஓட்டக் கூடாது என்று உண்மையான அதிகாரத்தோடு கொடுங்கள். அதே பேச்சில் எல்லையையும் சொல்லிவிடுங்கள்: என்னிடம் தனியாக எத்தனை வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், லைனில் மட்டும் வேண்டாம். இதற்குப் பிறகும் அவர் எல்லார் முன்னாலும் மறுத்தால், அங்கே வாக்குவாதம் செய்யாமல் அன்று மாலையே மேனேஜர் முன்னிலையில் பேசுங்கள். வயதுக்கு மரியாதை கொடுப்பது வேறு, லைன் விதியை ஒருவருக்கு மட்டும் தளர்த்துவது வேறு. இரண்டையும் குழப்பினால் மற்ற 31 பேரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பழைய தோழிகளைப் பற்றி. அவர்களோடு ஒட்டுக்கா உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சாப்பிடுங்கள், வீட்டு விசேஷத்துக்குப் போங்கள். சாப்பாட்டு நேரத்தில் லைனில் இருக்கிற மூன்றாவது ஆளைப் பற்றிய பேச்சு மட்டும் வேண்டாம். ‘அந்தப் பேச்சு இங்க வேண்டாம் கண்ணு’ என்று இரண்டு தடவை சொன்னால் புரிந்துகொள்வார்கள். நீங்கள் வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்களே, அது கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும். அவர்கள் கூலியையும் லீவையும் பாதிக்கிற இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள், அந்த எச்சரிக்கை நியாயமானது. உங்களைப் பாரபட்சம் பார்க்கிறவர் என்றோ இல்லை என்றோ லைன் தீர்மானிப்பது நீங்கள் யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பதை வைத்து இல்லை. லீவு யாருக்குக் கிடைக்கிறது, சுலபமான வேலை யாருக்குப் போகிறது, ஓவர்டைம் யாருக்கு விழுகிறது, இந்த மூன்றை வைத்துத்தான். ஒரு நோட்டுப் போட்டு மூன்றையும் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் புரட்டினால் நீங்களே அறியாமல் யார் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

ஒடிசா, பீகார் ஆட்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். லைனில் பாதிப்பேர் அவர்கள். அவர்கள் ஒவ்வொருவர் பேரும் உங்களுக்குத் தெரியுமா? ‘ஏய் பையா’ என்று கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள், மற்றவர்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். நாம் சொன்னதற்குத் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புரியவில்லை என்று சொல்ல அவருக்கு நம் பாஷை இல்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன போர்க்காலத் திட்டத்தில் வேலை சொல்லிக்கொடுக்கவும் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் ஆளைப் பதற்றமில்லாமல் உட்கார வைப்பது, பிறகு மெதுவாகச் செய்து காட்டுவது, அப்புறம் அவரையே செய்யச் சொல்லிப் பார்ப்பது, தனியே விட்ட பிறகும் அவ்வப்போது போய்ப் பார்ப்பது. பாஷை தெரியாத ஆளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சரியான பீஸ் ஒன்று, தப்பான பீஸ் ஒன்று, இரண்டையும் மெஷின் பக்கத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். எண்கள், சரி, தப்பு, நிறுத்து, சாப்பிட்டாச்சா என்று பத்து இந்தி வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பத்துத் தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுங்கள்.

மேனேஜர் போடுகிற சத்தத்தை அப்படியே கீழே இறக்குவதுதான் இப்போது நடக்கிறது. அது உங்களிடம் நிற்க வேண்டும். அதற்காக வாங்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. மணிக்கு மணி பீஸ் கணக்கு எழுதிய தாள் உங்கள் கையில் இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டு அவர் கூப்பிடும் முன் நீங்களே பதினொரு மணிக்குப் போங்கள். ‘சார், கழுத்து ரிப்புல மணிக்குத் தொண்ணூறுதான் போகுதுங்க, ஒரு ஆள் குறையுதுங்க, ரெண்டாவது லைன்ல இருந்து ஒருத்தர மத்தியானம் வரைக்கும் குடுத்தீங்கன்னா டார்கெட் பிடிச்சர்லாங்க’ என்று சொல்லுங்கள். மாலையில் சொல்கிற காரணம் சாக்காகத்தான் கேட்கும். காலையிலேயே சொன்னால் அவரும் உங்களோடு சேர்ந்து யோசிப்பார். முடியாத எண்ணிக்கைக்கு ‘சரிங்க சார்’ என்று தலையாட்டாதீர்கள். எத்தனை முடியுமோ அதைச் சொல்லி, சொன்னதைக் கொடுங்கள். ஷிப்மென்ட் தேதியை நம்பி சரக்கு வாங்குகிற பையருக்கு வாக்குக் கொடுத்திருக்கிற முதலாளிக்கு, ஏமாற்றாத எண்ணிக்கைதான் பெரிய உதவி.

முப்பது ரூபாய்க்காகப் போனவர்களைத் தடுத்திருக்க உங்களால் முடியாது. ரேட் உங்கள் கையில் இல்லை, ‘நான் பேசி வாங்கித் தர்றேன்’ என்று வாக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் சனிக்கிழமை சம்பளக் கவரில் அரை ஷிப்ட் விட்டுப்போய், திங்கட்கிழமை ஆபீசில் போய் நின்று, ‘அடுத்த வாரம் பாத்துக்கலாம்’ என்று கேட்டுத் திரும்பி வருவார்களே, அந்த எரிச்சலில் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதைத் தடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே வருகிற விதி. யார் எத்தனை மணி வரை இருந்தார் என்று சரியாக எழுதினால்தான் அவரால் அதைக் கேட்டு வாங்க முடியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒவ்வொருவரிடமும் அவர் கணக்கைக் காட்டிச் சரிபார்த்து ஆபீசுக்கு அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. பெண் சூப்பர்வைசர் என்பதால், கேலி, தொடுகை, தொந்தரவு பற்றிப் பெண்கள் முதலில் உங்களிடம்தான் வருவார்கள். ‘நானே பேசி முடிச்சு வைக்கிறேன்’ என்று கிளம்பிவிடாதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண் ஒருவர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள். வந்தவர் சொன்னதை லைனில் யாரிடமும் பேசாமல், அவர் சம்மதத்தோடு கூடவே போய் எழுதிக் கொடுக்க உதவுங்கள்.

இத்தனையையும் திங்கட்கிழமையே தொடங்காதீர்கள், மூன்று நாளில் விட்டுவிடுவீர்கள். முதல் இரண்டு வாரம், மணிக்கு ஒரு சுற்றும் காலையில் ஐந்து நிமிடப் பேச்சும் மட்டும் போதும். மூன்றாவது வாரம் அந்த அண்ணனிடம் பேசுங்கள். அதற்குள் உங்கள் சத்தம் குறைந்திருப்பதை அவரே கவனித்திருப்பார், பேச்சு சுலபமாகும். வீட்டில் எரிந்து விழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாள் முழுக்க ஆட்களின் வேலையையும் நீங்களே சுமந்தால் அப்படித்தான் ஆகும். மெஷினில் உட்காருவதை நிறுத்திய பிறகு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்போதும் தூக்கம் வராமல் இருந்தால் டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

கடைசியாக, மேனேஜரிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். பொறுப்புக் கொடுத்தவர்கள் அதிகாரம் என்ன என்று உங்களிடம் சொன்ன மாதிரி தெரியவில்லை. அரை நாள் லீவு நீங்களே கொடுக்கலாமா? ஆளை மெஷின் மாற்றலாமா? டேமேஜ் வந்தால் லைனை நிறுத்தலாமா? மெக்கானிக்கை நேரடியாகக் கூப்பிடலாமா? இந்த நாலுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கத் தயங்கினால் எதற்குத் தயங்குகிறார் என்று எனக்கு எழுதுங்கள், அதை எப்படிப் பேசுவது என்று பார்ப்போம்.